ஸ்காபரோ–ரூஜ் பார்க்: ‘தமிழர் வாக்கு’ என்று ஒன்று இருக்கிறதா?

மோர்னிங்சைட்

தேர்தல் முடிந்தால் எங்கள் ஆட்களிடம் இரண்டு கதைதான். தமிழ் வேட்பாளர் தோற்றால் ‘எங்களிடம் ஒற்றுமை இல்லை’. வென்றால் ‘பார்த்தீர்களா, தமிழர் வாக்கின் பலம்’. ரொறன்ரோ நகரின் ஒரு பகுதியான ஸ்காபரோவின் கிழக்குக் கரையில் பத்து வருடமாக நடந்த ஒன்ராறியோ மாகாணத் தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு கதையும் நிற்காது என்பது என் நினைப்பு. இதைத் தனி இழையாகக் கதைப்போம்.

2016 இலிருந்து தொடங்குகிறேன். அப்போது ரூஜ் பார்க் மாகாணத் தொகுதியாக வரவில்லை. மல்வேர்ன் பக்கம் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற தொகுதியில் இருந்தது. 1999 இல் அந்தத் தொகுதி உருவான நாளிலிருந்து லிபரல் கட்சியைத் தவிர வேறு யாரும் அங்கே வென்றதில்லை. அந்தத் தொகுதி உறுப்பினர் பாஸ் பல்கிசூன் 2016 மார்ச்சில் பதவி விலக, செப்ரெம்பர் 1 இல் இடைத்தேர்தல் வந்தது. லிபரலுக்குப் பிரகல் திரு, என்.டி.பிக்கு (புதிய சனநாயகக் கட்சி) நீதன் சாண், இருவரும் தமிழர். முற்போக்குக் கன்சர்வேற்றிவ் கட்சிக்கு (பி.சி என்றே எழுதுகிறேன்) கொரியாவில் பிறந்த, நீண்டகால நகரசபை உறுப்பினர் ரேமண்ட் சோ. வென்றது சோ. அவருக்குக் கிடைத்தது 40 விழுக்காடுகூட இல்லை. மற்ற இருவரின் வாக்கைக் கூட்டினால் பாதியைத் தாண்டும்.

அன்றிரவே தொடங்கிவிட்டது: ‘இரண்டு தமிழர் நின்று இடத்தைப் பறிகொடுத்தோம்’.

சரி, அது உண்மையென்றால் 2018 இல் என்ன நடந்திருக்க வேண்டும்? எல்லை மாறி ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்ற புதுத் தொகுதி வந்தது. ரூஜ், ஹைலண்ட் கிறீக், போர்ட் யூனியன், வெஸ்ற் ஹில், மல்வேர்னின் ஒரு பகுதி எல்லாம் அதற்குள். அங்கும் இரண்டு தமிழர்: பி.சிக்கு விஜய் தணிகாசலம், லிபரலுக்குச் சுமி சாண். என்.டி.பிக்கு ஆசிரியர் பீலிசியா சாமுவேல். வாக்கு பிரிந்தது. ஆனாலும் தமிழர்தான் வென்றார், ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். இரண்டாவது வந்தவர் தமிழர் அல்ல.

ஒரே மாதிரிப் பிரிவு, எதிர்மாறான முடிவு. ஆகவே ‘பிரிந்ததால்தான்’ என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. வேறு என்ன?

வாக்கெண்ணி

நல்ல கேள்வி, அண்ணை. தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ‘தமிழர் வாக்கு’ என்று எடுப்பது வேட்பாளர்களின் பெயரை வைத்து. வாக்குச்சீட்டில் போட்டவரின் இனம் எழுதியிருப்பதில்லை. பிரகல் திருவுக்கு விழுந்ததெல்லாம் தமிழர் போட்டது என்று எப்படிச் சொல்வது? அந்தத் தொகுதியில் காலம் காலமாக லிபரலுக்குப் போட்ட கரீபியன் குடும்பங்கள், சீனக் குடும்பங்கள், குஜராத்திகள், பிலிப்பீனோக்கள் எல்லாரும் இருந்தார்கள். நீதன் சாண் 2014 இலும் அங்கே நின்று இரண்டாவதாக வந்தவர். அவருக்கு என்று ஒரு தொழிற்சங்க வாக்கு, ஒரு என்.டி.பி வாக்கு இருந்தது. இந்த இரண்டையும் கூட்டி ‘எங்கள் வாக்கு’ என்று பெயர் வைப்பதே பிழையான கணக்கு.

2016 இல் உண்மையில் நடந்தது லிபரல் அடிமரம் ஆட்டம் கண்டது. மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது, மாகாண மின் நிறுவனமான ஹைட்ரோ வண்ணின் பங்குகளை விற்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2018 ஜூன் 2 ஆம் திகதி, வாக்களிப்புக்கு ஐந்து நாள் முன்பே அப்போதைய லிபரல் முதல்வர் கத்லீன் வின் ‘நான் முதல்வராக வரப்போவதில்லை’ என்று தானே அறிவித்தார். லிபரல் 7 இடத்துக்கு இறங்கியது. அந்த அலை எங்கள் வீதிகளிலும்தான் அடித்தது. அதில் தமிழ்ப் பெயர் ஒரு காரணம், முதல் காரணம் அல்ல.

மல்வேர்ன் வாசி

அலை மட்டும் இல்லை. 2016 இல் பாலியல் கல்விப் பாடத்திட்டம் எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். 2015 இல் வந்த புதுப் பாடத்திட்டம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சீனப் பெற்றோர் சங்கம் எல்லா இடத்திலும் அதே கதை. அப்போது பி.சி தலைவராக இருந்த பற்றிக் பிரவுணின் பெயரில் ஒரு கடிதம் வீடுகளுக்கு வந்தது: ஆட்சிக்கு வந்தால் அந்த மாற்றங்களைக் கைவிடுவோம் என்று. வாக்களிப்புக்குச் சில நாள் முன்பு அவரே அதிலிருந்து பின்வாங்கினார். கடிதத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் பின்வாங்கலைப் படித்தார்கள்?

2018 இல் பி.சியின் டக் போர்ட் முதல்வராக வந்ததும் பாடத்திட்டத்தைப் பழையதற்குத் திருப்பினார். 2019 இல் வந்த புதியது, கைவிட்டதற்குப் பெரும்பாலும் கிட்டத்தான் இருந்தது. அதற்காக வாக்கை மாற்றிய பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூடப் பிறகு என்ன ஆனது என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

வெஸ்ற் ஹில் அக்கா

எல்லாரும் ஆண்கள் மாதிரிக் கணக்குப் பார்க்கிறீர்கள். நான் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவள், இரண்டு வேறு கட்சிக்கு, இரண்டு வேறு தேர்தலில். கதவைத் திறக்கும் தமிழ் வீடுகளில் முதலில் கேட்பது ‘எங்கட பிள்ளையா?’ என்றுதான். ஆம் என்றால் அடுத்த கேள்வி இல்லை. இல்லை என்றால் கதவு மூடும். எந்தக் கட்சி, என்ன கொள்கை, ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெயரின் பலம் சிறியது என்று வாக்கெண்ணித் தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வித்தியாசம் ஆயிரத்துக்குக் குறைவாக இருக்கும் தொகுதியில் அந்தக் கதவுகள்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

பக்கத்துத் தொகுதி கில்ட்வூட்டை எடுங்கள். 2018 இல் பி.சிக்கு நின்ற ரோஷான் நல்லரத்தினம், லிபரலின் மிட்சி ஹன்ரரிடம் 74 வாக்கில் தோற்றார். எழுபத்து நான்கு! ஒரு சின்ன மாடிக் கட்டடத்தில் இருக்கும் ஆட்கள் அவ்வளவு. அந்த 74 பேர் வீட்டில் இருந்தார்களா, வேலைக்குப் போனார்களா, எங்கே?

மோர்னிங்சைட்

அக்கா, அந்த 74 ஐ எல்லாரும் ‘எங்கள் ஒற்றுமைக் குறைவு’ என்றே சொல்கிறார்கள். ஆனால் மறுபக்கம் பாருங்கள். அதே 2018 இல் லிபரல் மாகாணம் முழுக்க அழிந்தபோது கில்ட்வூட் சனம் ஹன்ரரை வைத்துக்கொண்டது. ஏன்? அவர் அந்தப் பகுதியில் வேலை செய்தவர். 2013 இடைத்தேர்தலில் தன்னைச் சுரங்க ரயிலுக்காகப் போராடுபவர் என்று சொல்லித்தான் அவர் முதலில் வென்றார். சரியோ பிழையோ, அது ஒரு விடயத்தின் மேல் கேட்ட வாக்கு. பெயரின் மேல் கேட்டது அல்ல.

மிலிற்றரி ரெயில்

வணக்கம். நான் இங்கே பிறந்தவள், யூரிஎஸ்சியில் (ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம்) படிக்கிறேன். தமிழில் எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘எங்கட பிள்ளையா’ என்று கேட்பதை நீங்கள் எல்லாரும் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. என் அம்மம்மா குடியுரிமை எடுத்த பிறகு போட்ட முதல் வாக்கு 2011 மத்திய தேர்தலில், ராதிகா சிற்சபைஈசனுக்கு. தமிழ்ப் பெயரை வாக்குச்சீட்டில் பார்த்ததும் கை நடுங்கியது என்று இன்றும் சொல்வார். ஊரில் வாக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று பயந்த தலைமுறை அது. அவருக்கு அந்தப் பெயர் ஒரு கட்சியைவிடப் பெரியது. நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் நான் 2025 பெப்ரவரியில் முதல் தடவை வாக்களித்தபோது பெயரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது பஸ். காலை வகுப்புக்கு வருவதற்குள் என் பாதி நாள் போகிறது. ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு நின்றுபோனது, பிறகு ஓடவே இல்லை. அதற்குப் பதிலாக பஸ். சுரங்க ரயில் வந்தாலும் ஷெப்பர்ட்–மக்கோவனில் முடியும். அது எங்கள் தொகுதிக்குள்ளேயே இல்லை. எங்கள் பக்கத்துக்கு யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று மூன்று கட்சியின் துண்டுப் பிரசுரத்தையும் வாசித்தேன். ஒன்றிலும் எனக்குத் திருப்தியான பதில் இல்லை.

மல்வேர்ன் வாசி

தங்கச்சி, உங்கள் தமிழ் எங்கள் தமிழைவிட நன்றாக இருக்கிறது.

இந்த ரயில் கதையை யாராவது முழுதாக எழுத வேண்டும். அந்த ரயில் 1985 இல் தொடங்கியது. மல்வேர்ன் வரை நீளும் என்று அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2000களின் முடிவில் மேயர் டேவிட் மில்லரின் ட்ரான்சிற் சிற்றித் திட்டத்தில் ஷெப்பர்ட் கிழக்கு, மோர்னிங்சைட், மல்வேர்ன் என்று எங்கள் பக்கத்துக்கு இலகு ரயில் பாதைகள் வரைபடத்தில் இருந்தன. ஷெப்பர்டில் 2009 இல் வேலையும் தொடங்கியது. 2010 டிசம்பரில் ராப் போர்ட் மேயராக வந்த முதல் நாளே ‘ட்ரான்சிற் சிற்றி முடிந்தது’ என்றார். பிறகு நகரசபை ஒருமுறை இலகு ரயில் என்றது, 2013 இல் சுரங்க ரயில் என்றது. அதை மூன்று நிலையம் என்றார்கள், 2016 இல் ஒரே நிலையம் என்றார்கள், டக் போர்ட் வந்து மறுபடி மூன்று என்றார். இத்தனைக்கும் நடுவில் எங்கள் மாகாணத் தொகுதியில் கட்சி மாறியது. ஆனால் மல்வேர்னுக்கு ஒரு தண்டவாளமும் வரவில்லை.

முதலில் போட்டிருந்த இலகு ரயில் திட்டத்தில் ஏழு நிலையம். அதன் செலவை மாகாணமே ஏற்கத் தயாராக இருந்தது. பேராசைப்பட்டு அதை விட்டோம் என்று நான் இன்றும் நம்புகிறேன். எங்களைப் பேராசைப்பட வைத்தவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள்.

மார்க்கம்காரர்

எதிர்க்கருத்து ஒன்று. எல்லாரும் ரயில், பாடத்திட்டம் என்று போகிறீர்கள். தமிழர் ஒருவர் சபையில் இருந்ததால் மட்டும் நடந்தது ஒன்று இருக்கிறது. தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம், சட்டமூலம் 104. விஜய் தணிகாசலம் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டு வந்தார். 2021 மே 6 இல் சபை நிறைவேற்றியது. ஆண்டுதோறும் மே 18 இல் முடியும் ஏழு நாட்கள். அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2022 இல் மேல் நீதிமன்றமும் 2024 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றன. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை எடுக்கவே மறுத்தது.

வேறு எந்த உறுப்பினர் இதை எடுத்து இவ்வளவு தூரம் கொண்டு வந்திருப்பார்? ரயில் எல்லாருக்கும் பொது. அதற்கு எந்த உறுப்பினரும் போதும். இதற்கு எங்கள் ஆள்தான் வேண்டும். ஆகவே பெயரைப் பார்த்துப் போட்டவர்கள் முட்டாள்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

எங்கள் மார்க்கம்–தோர்ன்ஹில்லில் 2018 இல் பி.சியின் லோகன் கணபதியும் லிபரலின் யுவனிதா நாதனும் நின்றார்கள், இருவரும் தமிழர். வாக்காளர் கட்சியைப் பார்த்துத்தான் பிரிந்தார்கள். யாரும் அதைச் சண்டையாக எடுக்கவில்லை.

மோர்னிங்சைட்

சட்டமூலம் 104 பெரிய காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மே மாதத்தில் என் பிள்ளையின் வகுப்பில் அந்தச் சொல்லை ஒருவர் வெளிப்படையாகச் சொல்ல முடிகிறது என்பது எங்களில் பலர் நினைத்துப் பார்க்காத ஒன்று. அதற்கான பாராட்டு அவருக்குச் சேர வேண்டும்.

என் கேள்வி அதற்குப் பிறகு வருவது. அந்தச் சட்டம் நிறைவேறிய அதே சபைதான் வாடகைச் சட்டத்தையும் மாற்றியது. 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதல் தடவை குடியேறிய வீடுகளுக்கு வாடகை உயர்வு உச்சவரம்பு கிடையாது. புதிதாகப் பிரித்துக் கட்டிய பேஸ்மெண்டும் அதில் அடங்கும். 2025 இல் மற்ற வீடுகளுக்கு உச்சவரம்பு 2.5 விழுக்காடு, இந்த வீடுகளுக்கு வரம்பே இல்லை. புதிதாக வரும் எங்கள் ஆட்கள் முதலில் எங்கே இருக்கிறார்கள்? பேஸ்மெண்டில். தாதியர் சம்பள உயர்வை மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்று கட்டிய சட்டமூலம் 124, 2019. நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது 2022 இன் கடைசியில். எங்கள் தொகுதியில் எத்தனை வீட்டில் ஒரு தாதி இருக்கிறார்! இந்த இரண்டுக்கும் எந்தத் தமிழ்க் கூட்டத்திலாவது யாராவது எழுந்து கேள்வி கேட்டார்களா? நான் போன கூட்டங்களில் கேட்டது: படம் எடுக்கலாமா என்றுதான்.

வெஸ்ற் ஹில் அக்கா

வாடகை விடயத்தில் ஒன்று. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பேஸ்மெண்டில் இருக்கிறார்கள், மற்றப் பாதிப் பேர் பேஸ்மெண்டை வாடகைக்கு விடுகிறார்கள். அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. ‘சமூகத்தின் நன்மை’ என்று சொல்லும்போது எந்தப் பாதியின் நன்மை? ஒரே கோயில் வரிசையில் நிற்கும் இருவருக்கு அந்தச் சட்டம் நேர்மாறான பலனைக் கொடுக்கிறது.

கார் காப்புறுதியில் மட்டும் எல்லாரும் ஒரே பக்கம். எங்கள் தபால் குறியீட்டில் இருப்பதற்காக மட்டும் எங்கள் வீட்டில் கட்டும் காசை எண்ணினால் வயிறு எரியும். என் மகன் ஒரு விபத்தும் இல்லாமல் ஓடுகிறான்.

வாக்கெண்ணி

அது முழுக்க மாகாணத்தின் கையில் இருக்கும் விடயம், அக்கா. காப்புறுதிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது மாகாண நிறுவனம். தபால் குறியீட்டை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2018 இல் அரசுப் பக்கத்திலிருந்தும் என்.டி.பி பக்கத்திலிருந்தும் தனிநபர் சட்டமூலங்கள் வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை. எங்கள் தொகுதி வேட்பாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுவாக இருந்திருக்கலாம். அதற்குப் பதில் எல்லாரும் கேட்பது உறவினரின் விசா. விசா மத்திய அரசின் வேலை. மாகாண உறுப்பினரின் அலுவலகத்துக்கு அதில் அதிகாரம் இல்லை.

சர்ரேவாசி

பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் 74, ஆயிரம் என்கிறீர்கள். எங்கள் சர்ரே–கில்ட்போர்ட்டில் 2024 ஒக்ரோபர் 19 தேர்தல், மாகாணம் முழுவதன் ஆட்சியும் அந்த ஒரு தொகுதியில் தொங்கியது. தேர்தல் இரவில் என்.டி.பியின் கரி பெக் பின்தங்கியிருந்தார். தபால் வாக்குகள் எண்ண முன்னுக்கு வந்தார். நீதிமன்ற மறு எண்ணிக்கையில் வித்தியாசம் 22 வாக்கு. அதனால் என்.டி.பிக்கு 93 இல் 47, ஒரே ஒரு இடப் பெரும்பான்மை.

இங்கே பஞ்சாபிகள் உங்களுக்கு முன்பே இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார்கள். சர்ரேயில் பல தொகுதிகளில் பெரிய கட்சிகள் எல்லாமே பஞ்சாபி வேட்பாளரைத்தான் நிறுத்தும். அப்போது ‘நம்ம ஆள்’ என்ற வாதம் தானாகவே செத்துவிடும். டாக்சி, கட்டுமானம், பண்ணை வேலை, புதுப் பாடசாலை, மருத்துவமனை என்று கேள்வி மாறும். நீங்களும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு தமிழர் நிற்பது பலவீனம் என்று ஏன் பார்க்கிறீர்கள்?

மார்க்கம்காரர்

பஞ்சாபிகளின் எண்ணிக்கை வேறு, எங்கள் எண்ணிக்கை வேறு. எங்களுக்குக் கிடைக்கக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றை இழந்தால் அடுத்த வாய்ப்பு நாலு வருடம் கழித்து.

மல்வேர்ன் வாசி

ஆனால் இழந்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்களே. 2016 இல் தோற்ற நீதன் சாண், சோ விட்டுப்போன அதே நகரசபை இடத்தை 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் வென்றார். 2018 இல் டக் போர்ட் அரசு தேர்தலுக்கு நடுவில் சட்டமூலம் 5 மூலம் ரொறன்ரோ நகரசபையை 47 இலிருந்து 25 ஆக வெட்டியது. வட்டாரங்களை மாகாணத் தொகுதி அளவுக்குப் பெருப்பித்தார்கள். புது வட்டாரத்தில் அவர் ஜெனிபர் மக்கெல்வியிடம் 154 வாக்கில் தோற்றார். உச்ச நீதிமன்றம்வரை போன அந்த வழக்கு 2021 இல் ஐந்துக்கு நாலு என்று அரசுக்குச் சாதகமாக முடிந்தது. 2025 இல் மக்கெல்வி மத்திய நாடாளுமன்றம் போக, செப்ரெம்பர் இடைத்தேர்தலில் அதே வட்டாரத்தை நீதன் சாண் பிடித்தார்.

ஒரு மாகாணச் சட்டம் ஒரு நகரசபை உறுப்பினரின் ஏழு வருடத்தை எடுத்தது. மாகாணத் தேர்தலில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மிலிற்றரி ரெயில்

வாக்களிப்பு வீதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? என் வகுப்பில் வாக்களிக்கக்கூடியவர்களில் பாதிக்கு மேல் 2025 இல் போகவில்லை. பெப்ரவரி 27, பனி, நடுத்தவணைப் பரீட்சை, திடீரென்று அறிவித்த தேர்தல். எங்கே போய்ப் போடுவது என்றே பலருக்குத் தெரியவில்லை.

வாக்கெண்ணி

அதுதான் எனக்கு இந்த இழையில் முக்கியமான விடயம், தங்கச்சி. 2018 இல் மாகாணம் முழுவதும் 57 விழுக்காட்டை ஒட்டி வாக்களித்தார்கள். 2022 இல் 44 அளவுக்கு விழுந்தது. ஒன்ராறியோவில் அவ்வளவு குறைவாக முன்பு இருந்ததில்லை. 2025 இல் 45 அளவு. பாதிக்கு மேல் சனம் வரவில்லை. 2022 இல் பி.சி 83 இடம், 2025 இல் 80. விஜய் தணிகாசலம் இரண்டு தடவையும் ரூஜ் பார்க்கை வைத்திருந்தார். 2018 இல் இருந்த நெருக்கமான போட்டி அதன்பிறகு இல்லை. எதிர்க்கட்சிக்காரர் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

இந்த முறையில் அதிக வாக்கு எடுத்தவர் வென்றார், அவ்வளவுதான். 2025 இல் லிபரலுக்கு மாகாணத்தில் 30 விழுக்காடு அளவு வாக்கு, கிடைத்தது 14 இடம். என்.டி.பிக்கு 19 விழுக்காட்டுக்கும் குறைவு, கிடைத்தது 27. இதை மாற்ற 2007 இல் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். 63 விழுக்காட்டினர் பழைய முறையே போதும் என்றார்கள். ஆகவே இப்போதைக்கு இதே முறைதான்.

இன்னொன்று. ஒருவரையும் பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்கத் தேவையில்லை. சாவடிக்குப் போய் வாக்குச்சீட்டை வாங்கி, ‘மறுக்கிறேன்’ என்று அதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கலாம். மறுத்த சீட்டு என்று தனியாக எண்ணிப் பதிவார்கள். ஒன்ராறியோவில் அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. நான் இருந்த சாவடிகளில் ஒரு தமிழர்கூட அதைச் செய்து பார்த்ததில்லை. வேலை இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு, வாக்களிக்கத் தொடர்ச்சியாக மூன்று மணிநேரம் கிடைக்கும்படி முதலாளி விட வேண்டும் என்பதும் சட்டம். ‘ஷிப்ட் விடமாட்டார்கள்’ என்று சொல்லிக்கொண்டு கேட்காமலே இருக்கிறார்கள்.

மோர்னிங்சைட்

அப்போ என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் தேர்தல் நாளைப் பார்த்துச் சண்டை பிடிக்கிறோம். முடிவு அதற்கு வெகு முன்பே, நியமனக் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. கட்சி உறுப்பினர்கள் சில நூறு பேர் ஒரு மண்டபத்தில் கூடி வேட்பாளரைத் தெரிவு செய்கிறார்கள். பெரிய கட்சிகளில் 14 வயதிலிருந்தே உறுப்பினராகலாம். எங்கள் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள்: பஸ் பிடித்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள், உறுப்பினர் படிவம் நிரப்புவார்கள், ‘எங்கட பிள்ளை’யை வெல்ல வைப்பார்கள். அடுத்த நாள் அந்த உறுப்பினர்களில் ஒருவரும் தொகுதிச் சங்கப் (கட்சியின் உள்ளூர்க் கிளை) பக்கம் போவதில்லை. மற்றச் சமூகத்தவர் அங்கே இருந்து கொள்கைத் தீர்மானம் எழுதுகிறார்கள். நாங்கள் ஆளை அனுப்புகிறோம், கேள்வியை அனுப்புவதில்லை.

சில தடவை அந்தக் கூட்டமே நடக்காது. 2018 மே மாதம் டக் போர்ட் 11 தொகுதிகளுக்குத் தானே வேட்பாளரை நியமித்தார். அப்படி நடக்கும்போது கேட்கவும் எங்களிடம் ஆள் வேண்டும்.

வெஸ்ற் ஹில் அக்கா

‘கெட்டிக்காரர்கள்’ என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கோபம். அந்தப் படிவங்களை நிரப்பினது நாங்கள், பெண்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, இரவில் தொலைபேசி எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டது நாங்கள். தொகுதிச் சங்கக் கூட்டம் வைப்பது வார நாளில் மாலை ஏழு மணிக்கு. வகுப்புக்குக் கூட்டிப்போகிற நேரம் அது. ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன் எப்போது வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

மோர்னிங்சைட்

அக்கா, அதை நான் அந்தக் கோணத்தில் எழுதவில்லை, ஆனால் நீங்கள் சொல்வது இந்த விவாதத்தில் இருக்க வேண்டியது. நேரத்தை மாற்றக் கேட்பதும் ஒரு தீர்மானம்தான். தொகுதிச் சங்கத்தில் அதை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். நான் வருகிறேன்.

மார்க்கம்காரர்

ஒரு விடயத்தில் உடன்படுகிறேன். தமிழ் உறுப்பினரை அனுப்புவதும் அவரிடம் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. சட்டமூலம் 104 க்காக நன்றி சொல்லும் அதே கூட்டத்தில் காப்புறுதியைப் பற்றிக் கேட்டால் அவர் கோபிக்கப் போவதில்லை. நாங்கள்தான் கூச்சப்படுகிறோம். ஆனாலும் வாக்குச்சீட்டில் பெயரைப் பார்த்தால் என் கை முதலில் அங்கேதான் போகும். அதை மறைக்க மாட்டேன்.

சர்ரேவாசி

மறைக்கத் தேவையில்லை, ஐயா. கட்சி மாறினாலும் கை அங்கேயே போகுமா என்பதுதான் கேள்வி.

மார்க்கம்காரர்

அடுத்த தேர்தலில் சொல்கிறேன்.

மிலிற்றரி ரெயில்

கடைசியாக ஒரு சந்தேகம். என் தம்பிக்கு இப்போது 16. அடுத்த மாகாணத் தேர்தல் எப்போது வந்தாலும் அவன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 18 ஆகும்வரை பொறுக்க வேண்டுமா?

வாக்கெண்ணி

பொறுக்கத் தேவையில்லை. 16, 17 வயதுக்காரருக்கு ஒன்ராறியோ தேர்தல் அலுவலகத்தில் ‘எதிர்கால வாக்காளர் பதிவேடு’ இருக்கிறது. கனடியக் குடியுரிமையும் ஒன்ராறியோ முகவரியும் இருந்தால் இணையத்திலேயே பதியலாம். 18 ஆனதும் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மாறிவிடும். வீடு மாறினால் முகவரியை மாற்ற மறக்க வேண்டாம், தங்கச்சி. பேஸ்மெண்டிலிருந்து பேஸ்மெண்டுக்கு மாறுகிறவர்களுக்கு வாக்காளர் அட்டை வராமல் போவது அதனால்தான். அட்டை வராவிட்டாலும் பெயரும் முகவரியும் உள்ள அடையாளத்தோடு சாவடிக்கு வந்தால் அங்கேயே பெயரைச் சேர்த்து வாக்களிக்க விடுவோம்.